உடம்பில் யார் எழுதுவது?

(காஞ்சிபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு சின்னதாகத் தெரியும். பச்சை குத்திக்கொள்ளலாமா, வேண்டாமா? இதைக் கூட்டம் போட்டுப் பேசணுமா என்று ஒரு மூத்த தோழர் வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். இளைஞர்கள் பக்கம் இன்னொரு மாதிரி சொல்றாங்க: "இது எங்க உணர்வு, இதுல பேச என்ன இருக்கு?" ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். நம்ம ஜனங்களுடைய உடம்பைப் பற்றி மூவாயிரம் வருஷமாக மற்றவர்கள் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். எங்கே நிற்கலாம், எதை உடுத்தலாம், எவ்வளவு தூரத்தில் வரலாம் என்று எல்லாம் அவர்களே முடிவு பண்ணினார்கள். ஆகவே நம் தோலில் என்ன எழுதுவது என்பதை நாமே உட்கார்ந்து பேசுவது வீண் வேலை ஆகாது.

முதலில் நம் வீட்டுப் பச்சையிலிருந்து தொடங்குவோம். இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருடைய ஆயா கையில் பச்சை இருந்திருக்கும். என் ஆயாவுக்கு ரெண்டு முழங்கையிலும் கோலம், கட்டைவிரல் அடியில் தேள், முகவாயில் ஒரு புள்ளி. தாத்தா பேரும் இருந்தது. புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது, ஆனா கையில எழுதி வச்சுக்கலாம்! பேச உரிமை இல்லாத பெயரைத் தோலில் சுமக்க வைத்த ஆணாதிக்கம் அது. அதை மறைத்துவிட்டு 'நம் பாட்டிகளின் கலை' என்று மட்டும் புகழ்ந்தால் நமக்கு நாமே பொய் சொல்கிறோம் என்று அர்த்தம்.

ஆனால் அதே பச்சைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆயா சொல்லும்: "எம்மா, நகை நட்டு எல்லாம் கழட்டிக்குவாங்க, செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்." தமிழ்நாட்டில் பல சாதிப் பெண்களும் இதைச் சொல்வார்கள். நம் பெண்கள் சொல்லும்போது அதற்கு வேறு எடை வருகிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. செருப்பு, குடை கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. நகை போட்டால் பிடுங்குவான், பூ வைத்தால் அடிப்பான் என்கிற நாட்டில், தோலுக்கு உள்ளே இறங்கிவிட்ட நகையை யாரால் பிடுங்க முடியும்? அந்தப் பச்சையில் அழகு ஆசை இருந்தது. எவனாலும் எடுத்துக்கொள்ள முடியாத ஒரு சொத்து என்கிற தைரியமும் இருந்தது.

அந்தப் பச்சையைக் குத்தியவர்கள் யார்? கூடையோடு ஊர் ஊராக வந்த குறவர் சமூகப் பெண்கள். விளக்குக் கரியைக் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலியாக அரிசி, பழைய துணி, சில்லறைக் காசு. தமிழ்நாட்டின் எல்லாச் சாதிப் பெண்களின் தோலிலும் கை வைத்து எழுதியவர்கள் அவர்கள். அவர்களை அரசாங்கம் என்ன செய்தது? 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். குறவர்களில் பல பிரிவினர் அந்தப் பட்டியலில் போனார்கள். கைரேகை வைக்க வேண்டும், போலீஸில் ஆஜராக வேண்டும், அனுமதி இல்லாமல் ஊர் விட்டு ஊர் போகக்கூடாது. ஊர் ஊராகப் போவதே பிழைப்பாக இருந்தவர்களுக்கு அந்தச் சட்டம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. எல்லோருக்கும் அழகுக்கு மை வைத்த விரல்களில் போலீஸ்காரன் வேறொரு மையைத் தடவி ரேகை எடுத்தான். 1952இல்தான் நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது. சந்தேகம் இன்னும் ஒழியவில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. உடம்பில் இருக்கும் குறியை மட்டும் பார்த்து அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. ஊசி யார் கையில் இருக்கிறது, குத்திக்கொள்பவர் எழுந்து போக முடியுமா என்பதைப் பார்க்கணும்.

மனு என்ன எழுதி வைத்திருக்கிறான்? எட்டாம் அத்தியாயம், 281ஆம் சுலோகம். உயர்ந்த சாதிக்காரனோடு சமமாக ஒரே ஆசனத்தில் உட்கார முயலும் தாழ்ந்தவனுக்கு இடுப்பில் சூடு போட்டு நாடு கடத்த வேண்டும், அல்லது பிட்டத்தை அறுக்க வேண்டும். ஒன்பதாம் அத்தியாயம் 237இல் நெற்றியில் போடும் சூட்டுக் குறிகளின் பட்டியலே இருக்கிறது. திருடனுக்கு நாயின் கால், கள் குடித்தவனுக்குக் கள்ளுக்கடைச் சின்னம். உட்கார்ந்ததற்கே சூடு! 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் பாபாசாகேப் எரித்த புத்தகம் இதுதான்.

சோழர் காலத்துக்கு வருவோம். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் காளஹஸ்தி கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலுக்குச் சொந்தமான தேவரடியார் பெண்கள் சிலரை அரண்மனை ஆட்கள் தவறாகக் கொண்டுபோய் அரச முத்திரை குத்திவிட்டார்கள். அந்த முத்திரையை அழித்துவிட்டு, மறுபடி சூல முத்திரை குத்தச் சொல்லி ஆணை வருகிறது. ராஜாவுக்கும் சாமிக்கும் நடந்த சொத்துத் தகராறு அது. சொத்து அந்தப் பெண்களின் உடம்பு. அவர்களிடம் யாரும் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருந்ததா? வங்காளத்தில் 1797 ஒழுங்குமுறைப்படி ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தினார்கள். 1849இல்தான் அதை நிறுத்தினார்கள். சரி, சுதந்திர இந்தியா? 1993இல் அமிர்தசரஸில் போலீஸார் பெண்களைப் பிடித்து நெற்றியில் 'ஜேப்கத்ரி', அதாவது பிக்பாக்கெட் என்று பச்சை குத்தி அனுப்பினார்கள். 2016இல், 23 வருஷம் கழித்து, பாட்டியாலாவில் சி.பி.ஐ. நீதிமன்றம் போலீஸ்காரர்கள் மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தது. ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் கையில் எண் குத்தினார்கள். நாடோடிகள் என்று ஒதுக்கப்பட்ட ரோமா மக்களின் எண்ணுக்கு முன்னால் தனியாக ஓர் எழுத்து. அதே எண்ணைத் தாத்தா பாட்டி நினைவாகத் தம் கையில் தாமே குத்திக்கொள்ளும் பேரப் பிள்ளைகளும் இன்று இருக்கிறார்கள். எண் அதேதான். குத்தச் சொன்னவர் வேறு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கோயில் நகரம் என்று பெருமையாகச் சொல்லப்படும் காஞ்சிபுரம் உடம்புக் குறிகளின் ஊர். யானை நெற்றியில் வடகலை நாமமா தென்கலை நாமமா என்று சண்டை போட்டுக் கோர்ட்டு வரைக்கும் போன ஊர் இது. ஸ்ரீவைஷ்ணவத்தில் சமாஸ்ரயணம் என்று ஒரு சடங்கு. சக்கரத்தையும் சங்கையும் நெருப்பில் காய்ச்சி வலது தோளிலும் இடது தோளிலும் ஒற்றுவார்கள். சூடுதான் அது. மேலே இருக்கிறவன் சூடு போட்டுக்கொண்டால் தீட்சை. கீழே இருக்கிறவனுக்குப் போட்டால் தண்டனை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்க அப்பா காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்குப் பட்டு நெய்தவர். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், முன்பணம் கொடுப்பார், அந்த முன்பணம் தீரவே தீராது. 1976இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2003இல் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அப்பா விரலில் ஜரிகை அறுத்த கோடுகள் இருந்தன. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்தது. அவர் நெய்த சேலையில் மயில் இருக்கும், யாளி இருக்கும், கோபுரக் கரை இருக்கும். அது கல்யாண வீட்டுக்கும் கோயில் சாமிக்கும் போகும். அவர் பெயர் எந்த ஓரத்திலும் இருக்காது. நெய்யும்போது தீட்டு இல்லை, கட்டும் இடத்துக்கு நாம் போனால்தான் தீட்டு. ஆக, தோழர்களே, குறி இல்லாத வெற்று உடம்பு என்று நம்மில் யாருக்கும் இல்லை. உழைப்பு ஏற்கனவே எழுதித்தான் வைத்திருக்கிறது. அதோடு இன்னொரு வரி சேர்ப்பதா என்பதுதான் கேள்வி.

சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். சத்தீஸ்கரில் ராம்நாமி சமாஜ் என்று ஒரு தலித் மக்கள் குழு. 1890களில் சார்பாரா கிராமத்து பரசுராம் என்பவர் தொடங்கினார். கோயிலுக்குள் விடமாட்டேன் என்றார்கள். அப்படியானால் கோயிலே வேண்டாம், உன் சாமி பெயரை என் உடம்பிலேயே எழுதுகிறேன் என்று முகம், கை, மார்பு, சிலர் உடம்பு முழுக்க 'ராம்' என்று குத்திக்கொண்டார்கள். தீட்டு என்று ஒதுக்கிய உடம்பிலேயே சாமி பெயர் ஏறிவிட்டால் என்ன செய்வாய்? துணிச்சலான பதில் அது. பரிகாசம் பண்ண எனக்கு மனசு வராது.

ஆனால் விமர்சனம் இல்லாமல் இருக்க முடியாது. சம்புகன் தலையை வெட்டியவன் பெயர்தானே அது? தோல் முழுக்க ராமன் ஏறியும் கோயில் கதவு அதனால் திறக்கவில்லை. கதவைத் திறக்க வைத்தவை போராட்டங்களும், அதன் பிறகு வந்த சட்டங்களும், அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவும்தான். இன்று அந்தச் சமூகத்து இளைஞர்கள் உடம்பு முழுக்கக் குத்திக்கொள்வதில்லை. வெளியூரில் வேலை தேடும்போது அந்த எழுத்தே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. எதிர்ப்பாக எழுதியது மறு தலைமுறையில் முகவரியாக மாறிவிட்டது.

இனி நம் பிள்ளைகளின் விஷயம். என் அக்கா பையனுக்கு இருபது வயசு. கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறான். வலது முழங்கையில் பாபாசாகேப் முகம், கீழே 'ஜெய் பீம்' என்று குத்திக்கொள்ள வேண்டும், பணம் கொடு என்று கேட்டான். யோசிக்கலாம் என்றேன். அவன் சட்டென்று கேட்டான்: "சின்னம்மா, அவனுங்க கலர் கயிறு கட்டுனா கலாச்சாரம். நான் எங்க தலைவரைக் குத்துனா பிரச்சினையா?"

நியாயமான கேள்வி. 2019இல் பள்ளிக் கல்வித் துறைச் சுற்றறிக்கை ஒன்றே சொன்னது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டுகிறார்கள், தடுக்க வேண்டும் என்று. தடுத்தார்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி என்று சாதியைக் காட்டும் அடையாளங்கள் பள்ளியில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

அவர்கள் கயிறும் நம் பச்சையும் ஒன்றா? ஒன்றில்லை. அந்தக் கயிறு 'நான் உனக்கு மேலே' என்று சொல்கிறது. 'ஜெய் பீம்' என்பது மேல் கீழ் இருக்கக்கூடாது என்று சொல்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சொல்லின் அர்த்தம் சொல்லிலேயே தங்கிவிடாது. பாபாசாகேப் சாதி ஒழிப்பை எழுதியது 1936இல். அவர் முகத்தை 'இது எங்க ஆளுங்க குறி' என்று நாமே சுருக்கிவிட்டால், கயிற்றுக்குப் பதில் கயிறு என்றுதான் ஆகும். நம் உட்சாதிகளுக்குள் ஒருத்தருக்கு ஒருத்தர் பெண் கொடுக்காமல், கையில் மட்டும் ஜெய் பீம் இருந்து என்ன பிரயோஜனம்?

அடுத்த கேள்வி, காட்டிக்கொள்வதா மறைப்பதா? இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்பார்கள், அல்லது "சைவமா?" என்று சுற்றிக் கேட்பார்கள். ஒரு வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள். மறைத்தால் வீடு கிடைக்கும், தினம் பயந்து வாழணும். காட்டினால் பயம் போகும், வீடு கிடைக்காது. இந்த வேதனையைக் கையில் ஒரு பச்சை தீர்த்துவிடுகிறது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். இனிமேல் யாரும் கேட்க வேண்டாம், பாத்துக்கோ! அந்த விடுதலை உணர்வை நான் மதிக்கிறேன். கூச்சப்பட்டு ஒளிந்த தலைமுறைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்த்தி வருகிற தலைமுறை இது. ஆனால் பின்னிரவில் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி, ஊர்த் தெரு வழியாகச் சேரிக்கு நடந்து போகிற பையன் சட்டைக்கையை மடித்து விட்டுக்கொண்டு போக முடியுமா என்பதையும் நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2015இல் ஷீரடியில் செல்போனில் அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞனை அடித்துக் கொன்றார்கள். பாட்டை நிறுத்தலாம், போனை அணைக்கலாம். தோலை என்ன செய்வது? இதனால் பயந்து ஒதுங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிப் போகிறவன் தனியாகப் போகக்கூடாது, இயக்கம் கூட இருக்கணும் என்று சொல்கிறேன்.

இயக்கம் என்றதும் இன்னொரு விஷயம். சில தோழர்கள், உறுப்பினர் எல்லோரும் நம் சின்னத்தைக் குத்திக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போடலாமே என்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். அந்தக் கொடியில் இருக்கும் அண்ணா இந்தக் காஞ்சிபுரத்துப் பிள்ளை, பகுத்தறிவு பேசியவர். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஏழைகள் குத்திக்கொண்டார்கள். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதா பிறந்த நாளுக்குச் சென்னையில் கூட்டமாக உட்கார வைத்து 'அம்மா' உருவத்தைக் குத்தினார்கள். வலியில் முகம் சுளித்த பெண்களின் படங்கள் பத்திரிகையில் வந்தன. விசுவாசத்துக்குத் தோலை அடமானம் வைக்கச் சொல்லும் அரசியல் இது. 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் என்ன எச்சரித்தார்? மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும்தான் வழி என்றார். அவர் முகத்தையே பக்திப் படமாக்கினால் அவருக்கே எதிராகப் போகிறோம்.

இன்னொன்று, சிரிக்காதீங்க. நம் இயக்கங்கள் எத்தனை தடவை உடைந்திருக்கின்றன? இன்றைக்குச் சின்னம் குத்திக்கொண்டு நாளைக்கு இயக்கம் ரெண்டாக உடைந்தால், எந்தக் கையை எந்தப் பக்கம் நீட்டுவது? ஆகவே என் கருத்து இதுதான். பச்சை குத்தச் சொல்லி எந்த அமைப்பும் யாரையும் கேட்கக்கூடாது. மறைமுகமாகக் கூட, 'உணர்வுள்ளவன் குத்திக்குவான்' என்று பேசக்கூடாது. பெண் தோழர்களிடம் கேட்கவே கூடாது. புருஷன் பேரைச் சுமந்த கையில் இப்போது தலைவன் பேர் என்று ஆகிவிடும்.

சரி, தனி ஆளாகத் தானே விரும்பி முடிவு செய்கிறவர் என்ன பார்க்கணும்? உணர்ச்சியை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்து நடைமுறையைச் சொல்கிறேன்.

வேலை. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் மூலம் மத்திய ஆயுதப் படைகளுக்கு ஆள் எடுக்கும் கான்ஸ்டபிள் தேர்வு அறிவிப்பில் பச்சை பற்றித் தனி விதி இருக்கிறது. முழங்கையின் உட்பக்கம் இருக்கலாம், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில் மட்டும். புறங்கையிலும் இருக்கலாம். அந்த உறுப்பின் அளவில் கால் பாகத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். மதச் சின்னம், உருவம், பெயர் அனுமதி என்று எழுதியிருக்கிறார்கள். சாமிக்கு விதியில் இடம் இருக்கிறது, தலைவருக்கு இடம் உண்டா என்பது பரிசோதிக்கிற அதிகாரி கையில். அரசு வேலை என்பது நம் ஜனங்களுக்கு வெறும் சம்பளம் இல்லை, தறிக்குழியிலிருந்து ஏறி வருகிற ஏணி. அதை ஒரு அங்குல மைக்காக இழக்கணுமா? விண்ணப்பிக்கும் தேர்வின் அறிவிப்பை முதலில் படியுங்கள்.

ஊசி. மை தோலின் மேலடுக்கில் நிற்பதில்லை. அதற்குக் கீழே இருக்கும் அடுக்கில் இறங்குகிறது. உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் அந்த மைத்துகளை விழுங்கிப் பிடித்துக்கொள்கின்றன, அதனால்தான் அழியாமல் இருக்கிறது. அந்த ஆழத்துக்குப் போகும் ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, ஏன் எச்.ஐ.வி. கூடப் பரவலாம். திருவிழாக் கூட்டத்தில் மெஷினை வைத்துக்கொண்டு ஒருத்தருக்குப் போட்ட ஊசியைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் போடுகிறவரிடம் கையை நீட்டாதீர்கள். புது ஊசி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். மையும் உங்களுக்கென்று தனிச் சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். கையுறை வேண்டும். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

அழிப்பது. லேசர் இருக்கிறதே என்கிறார்கள். பல தடவை போகணும், செலவு ஒவ்வொரு தடவையும் கூடும். நம்மைப் போலக் கறுத்த தோலில் லேசர் தோலின் சொந்த நிறத்தையும் கெடுத்துவிடலாம். தழும்பு விழலாம். அழிக்கலாம் என்ற நினைப்போடு யாரும் குத்திக்கொள்ள வேண்டாம்.

ரத்தம். இதைப் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. தேசிய ரத்த மாற்றுக் குழுவின் 2017 வழிகாட்டுதல்படி பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதம் ரத்த தானம் செய்யக்கூடாது. ஏப்ரல் 14 அன்று நாம் ரத்த தான முகாம் நடத்துகிறோம். மார்ச்சில் எல்லோரும் ஜெய் பீம் குத்திக்கொண்டு ஏப்ரலில் வரிசையில் நின்றால், டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

என் முடிவை இங்கேதான் சொல்லணும். எனக்கும் ஆசை உண்டு. முகம் வேண்டாம், அமைப்புச் சின்னம் வேண்டாம், இடது கையின் உட்பக்கம் சின்னதாக 'ஜெய் பீம்' என்ற எழுத்து மட்டும் போதும் என்று ரெண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் ரத்தம் ஓ நெகட்டிவ். பிரசவத்தில் ரத்தம் போகிற பெண்களுக்கு ராத்திரி நேரத்தில் போன் வரும். பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். பச்சை குத்திக்கொண்டால் மூன்று தடவை போய்விடும். வீடு வாடகைக்குக் கேட்டால் என்ன ஆளுங்க என்கிற இந்த ஊரில், ரத்தம் கேட்டு வருகிறவர்கள் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நான் என் பெயரையும் ஊரையும் சத்தமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறேன். சேரியைச் சேர்ந்தவள் ரத்தம் உன் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும். எனக்கு இப்போதைக்கு இந்த அடையாளம் போதும். ஆகவே நான் குத்திக்கொள்ளப் போவதில்லை. ரத்தம் கொடுக்கும் வயசு தாண்டிய பிறகு பார்க்கலாம், அப்போது ஆயா மாதிரி முகவாயிலேயே குத்திக்கொண்டாலும் குத்திக்கொள்வேன்.

இது என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். அக்கா பையனிடம் சொன்னது இதுதான்: "உன் உடம்பு, உன் முடிவு. நான் தடுக்க மாட்டேன். ஆனா வலது கை வேணாம். தேர்வு முடிவு வர்ற வரைக்கும் எந்தக் கையும் வேணாம். அதுக்குள்ள 'சாதி ஒழிப்பு' புத்தகத்தை முழுசா படி. படிச்சு முடிச்சு அப்பவும் ஆசை இருந்தா, பணம் நான் தரேன், நல்ல இடத்துக்கு நானே கூட வரேன்." அவன் முகம் சுருங்கியது. நாற்பது பக்கம் படித்திருப்பதாகப் போன வாரம் சொன்னான்.

முடிப்பதற்கு முன் ஒன்று. போன மாதம் கிராமத்தில் இதே பேச்சு நடந்தபோது ஒரு பெரியவர் குறுக்கே சொன்னார்: "குத்தறதா இருந்தா நம்ம நெலத்தோட சர்வே நம்பரைக் குத்துங்கடா. மறக்காமயாவது இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையில் இருப்பது நம் பாட்டன் பூட்டன்களின் பட்டினி. காஞ்சிபுரமும் அந்த ஜில்லாதான். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். இன்று யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டுத்தான் காரணையில் நம் மக்கள் நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டதை எதிர்த்துப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள்.

பச்சை குத்திக்கொள்கிறவர் குத்திக்கொள்ளட்டும், வேண்டாம் என்பவர் விட்டுவிடட்டும். இதை வைத்து ஒருத்தரை ஒருத்தர் உணர்வு உள்ளவன், இல்லாதவன் என்று தராசில் நிறுத்த வேண்டாம். ஆனால் பெரியவர் சொன்ன நம்பரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரவர் கிராமத்துப் பஞ்சமி நிலத்தின் பழைய சர்வே எண், இப்போதைய எண், இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். காட்டமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், மனு எழுத நான் உதவுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையில் அந்தத் தாள் இருக்கட்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.

ஜெய் பீம்.